பொடியா, மின்முனையா, உலையா? சூரிய எரிபொருள் ஆய்வுக்குப் பினாங்கில் எதை எடுப்பது

என் அக்கா மகள் பினாங்கில் வேதியியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு முதுநிலை ஆய்வில் சேரப் போகிறாள். கரிவளியை, அதாவது கரியமில வாயுவை, சூரிய ஒளியும் வினையூக்கியும் கொண்டு எரிபொருளாக்குவதுதான் துறை. அதில் அவளுக்கு இரண்டு மனம் இல்லை. தலைப்பில்தான் குழப்பம். மூன்று பேராசிரியர்களிடம் பேசி மூன்று தலைப்புகளோடு வந்திருக்கிறாள். முதலாவது, தண்ணீரில் கலக்கிய வினையூக்கிப் பொடிமேல் வெளிச்சம் விழவைத்து நேரடியாக மீத்தேனோ மெத்தனாலோ எடுப்பது. இரண்டாவது, சோலார் பேனல் தரும் மின்சாரத்தில் செம்பு மின்முனை ஒன்றை ஓட்டி, அதன் பரப்பில் கரிவளியை உடைப்பது. மூன்றாவது, சோலார் மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதைக் கரிவளியோடு சூடான உலையில் சேர்த்து மெத்தனால் ஆக்குவது.

“எதை எடுக்கட்டும் மாமா?” என்று கேட்டாள். நான் பிறை நகரில் இரசாயன ஆலையில் வேலை பார்க்கிறவன். ஆய்வுக்கூடத்தைவிடக் குழாயும் வால்வும்தான் எனக்குப் பழக்கம். அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். குளுகோரிலும் நிபோங் திபாலிலும் கோலாலம்பூரிலும் இதே கேள்வியோடு இருக்கும் பிள்ளைகள் பலர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதை எடுக்கலாம், ஆனால் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வடிவத்தில் வேண்டாம்.

மூன்று தலைப்புக்கும் எதிரே நிற்கும் சிக்கல் ஒன்றுதான். கரிவளி எரிந்து முடிந்த பொருள். தன்னிடம் இருந்த சக்தியை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அதை மறுபடி எரிபொருளாக்க வேண்டுமானால் அந்தச் சக்தி முழுவதையும் திருப்பி ஊட்ட வேண்டும், வழியில் வீணாவதற்கும் சேர்த்து. அதோடு அந்த மூலக்கூறு எலக்ட்ரானை எளிதில் வாங்கிக்கொள்வதில்லை. ஒற்றை எலக்ட்ரானைத் திணிக்கப் பார்த்தால் சுமார் மைனஸ் 1.9 வோல்ட் கேட்கும். ஆனால் எட்டு எலக்ட்ரான்களை, புரோட்டான்களோடு சேர்த்து, படிப்படியாக ஏற்றி மீத்தேன் ஆக்கினால், கணக்குப்படி மைனஸ் 0.24 வோல்ட் போதும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தைத் தாண்டவைப்பதுதான் வினையூக்கியின் வேலை. அதே நேரத்தில் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மைனஸ் 0.41 வோல்ட்டிலேயே ஹைட்ரஜனாகப் போகத் தயாராக நிற்கிறது. இரண்டே எலக்ட்ரான் போதும் அதற்கு. கரிவளியோ தண்ணீரில் அதிகம் கரையாது. அறை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுதான். ஆக, எலக்ட்ரான்களில் பெரும்பங்கைத் தண்ணீர் தட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு தலைப்பும் இந்தப் போட்டியை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பொடியிலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறை பிறந்ததே அங்கேதான், நம் நாட்டில் அதிகம் நடப்பதும் அதுதான். 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்முனைமேல் ஒளி பட்டுத் தண்ணீர் பிரிவதைக் காட்டினார்கள். 1979-இல் அதே குழுவினர், இனோவேயோடு சேர்ந்து, குறைக்கடத்திப் பொடிகளைத் தண்ணீரில் கலக்கிக் கரிவளியைச் செலுத்தி ஒளி பாய்ச்சியபோது ஃபார்மிக் ஆசிட், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால், மீத்தேன் ஆகியவை சிறிதளவு வந்ததாக எழுதினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பல்லாயிரம் கட்டுரைகள். மலேசியாவும் பின்தங்கவில்லை. மோனாஷ் மலேசியாவிலிருந்து ஓங் வீ ஜுன், சாய் சியாங் பியாவ் குழுவினர் கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு என்ற வினையூக்கிப் பொடி பற்றி 2016-இல் எழுதிய நீண்ட ஆய்வுரை, உலகெங்கும் இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் புரட்டும் கட்டுரைகளில் ஒன்று.

அந்தக் கார்பன் நைட்ரைடைச் செய்வதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வயலுக்குப் போடும் யூரியாதான் மூலப்பொருள். கெடா குருனில் டன் கணக்கில் உற்பத்தியாகும் அதே யூரியா. மூடியுள்ள அலுமினா கிண்ணத்தில் போட்டு 550 டிகிரி உலையில் சில மணி நேரம் வைக்கிறார்கள். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், புகைபோக்கி இல்லாமல் செய்யக் கூடாது. ஆறிய பிறகு திறந்தால் கிண்ணத்தின் அடியில் வெளிர்மஞ்சளாய், பஞ்சுபோல, ஊதினால் பறக்கும் பொடி கொஞ்சம் கிடக்கும். போட்ட யூரியாவில் மிகச் சிறு பங்குதான் மிஞ்சும். அந்த மஞ்சள் நிறத்துக்கே பொருள் உண்டு: நீல ஒளியை அது விழுங்குகிறது. வெள்ளை வெளேர் என்றிருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு புறஊதாக் கதிரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். சூரிய ஒளியில் புறஊதா நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கார்பன் நைட்ரைடு சுமார் 460 நானோமீட்டர்வரை எட்டிப் பிடிக்கிறது. செலவு குறைவு, கருவிகளும் எளியவை: உலை, செனான் விளக்கு, குவார்ட்ஸ் சன்னல் வைத்த கலன், வாயுவை அளக்க ஒரு கேஸ் குரோமட்டோகிராஃப். இரண்டு ஆண்டில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டுவிடலாம். பேராசிரியர் சொன்ன இந்த வாதம் பொய்யில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். இந்தக் கட்டுரைகளில் விளைச்சலை ஒரு கிராம் பொடிக்கு, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மைக்ரோமோல் என்று எழுதுவார்கள். பத்து மைக்ரோமோல் மீத்தேன் என்றால் மரியாதையான எண். அதை எடைக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 160 மைக்ரோகிராம். வீட்டில் அடுப்புக்கு வாங்கும் 14 கிலோ கேஸ் தோம்பை அந்த வேகத்தில் நிரப்ப, ஒரு கிராம் பொடி இரவு பகல் பாராமல் வேலை செய்தாலும் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு ஆகும். ஆய்வு என்பதால் அளவு சிறிதாக இருப்பது குற்றமில்லை. எல்லாம் சிறிதாகத்தான் தொடங்குகிறது. இங்கே என்னை உறுத்துவது வேறு. அளவு இவ்வளவு சிறிதாகும்போது, வந்த மீத்தேன் கரிவளியிலிருந்துதான் வந்ததா என்பதே சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

பொடியைச் செய்யும்போது யூரியாவோ, அசிட்டேட்டோ, ஆல்கஹாலோ, ஏதோ ஒரு கார்பன் பொருள் உள்ளே போகிறது. அதன் மிச்சம் பொடியின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒளி பட்டதும் அந்த மிச்சமே உடைந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறலாம். குரோமட்டோகிராஃப் அதைப் பார்த்து “இதோ, விளைச்சல்” என்று சொல்லும். அதற்கு வேறுபாடு தெரியாது. 2010-இல் நெதர்லாந்தின் கீடோ முல் குழுவினர் இதையே சோதித்தார்கள். சாதாரணக் கரிவளிக்குப் பதில் கார்பன்-13 (சற்று எடை கூடிய கார்பன்) கொண்ட கரிவளியைச் செலுத்தியபோது, செம்பு கலந்த டைட்டானியம் டைஆக்சைடிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடில் பெரும்பங்கு சாதாரணக் கார்பனையே கொண்டிருந்தது. அதாவது பொடி தன் அழுக்கையே கழுவிக் கொடுத்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே “உண்மையா, கற்பனையா” என்ற கேள்வி இருந்தது.

அதனால் பொடித் தலைப்பை எடுக்கிறவர்கள் பேராசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கார்பன்-13 கரிவளித் தோம்பு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதா, இல்லாவிட்டால் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா? அதோடு மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எத்தனை நாளுக்கொரு முறை இடம் கிடைக்கும்? கார்பன்-13 கொண்ட கார்பன் மோனாக்சைடு எடை எண் 29-இல் தெரியும். சாதாரணமானது 28-இல் தெரியும், காற்று கசிந்தால் வரும் நைட்ரஜனும் அதே 28-தான். இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிழைத்துக்கொள்வார். அடுத்த கேள்வி: ட்ரைஎத்தனாலமைன் போடுகிறீர்களா? எலக்ட்ரானை இழந்த பொடிக்குத் தண்ணீர் ஈடுகட்ட வேண்டும், அப்படி ஈடுகட்டினால் ஆக்சிஜன் வெளிவர வேண்டும். அது கடினம் என்பதால் பலர் இந்த அமைனைப் போட்டு வேலையை எளிதாக்குகிறார்கள். அமைன் எரிந்து தீர்கிறது. கிடைக்கும் எரிபொருளைவிட அதன் விலை அதிகம். கிராஃபில் விளைச்சல் ஏறும், அது சூரிய எரிபொருள் ஆகாது. ஆக்சிஜனையும் அளந்து காட்டாத ஆய்வை நான் நம்புவதில்லை.

பொடி வழியே வெறும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. தண்ணீரைப் பிரிப்பதில் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு ஜப்பானின் கசுனாரி டோமன் குழுவே சாட்சி. 2021-இல் 100 சதுர மீட்டர் பரப்பில் பொடி பூசிய தகடுகளை வெட்டவெளியில் பரப்பி ஹைட்ரஜன் எடுத்துக் காட்டினார்கள். சூரியச் சக்தியில் ஹைட்ரஜனாகக் கிடைத்தது அதிகபட்சம் 0.76 விழுக்காடு. ஐம்பது ஆண்டு உழைப்புக்குப் பின், தண்ணீர் என்ற எளிய மூலக்கூறுக்கே இதுதான் நிலவரம். கரிவளி அதைவிடப் பலமடங்கு சிக்கலானது. இன்னும் முப்பது ஆண்டு பொறுமையாக இருக்கத் தயாரானவர்கள் அதை எடுக்கட்டும். அடிப்படை அறிவியலில் உண்மையான பசி உள்ள பிள்ளைகளுக்கு அது நல்ல இடம்.

இனி மின்முனை. இங்கே யோசனையே வேறு. ஒளியைப் பிடிக்கும் வேலையும் வேதிவினை செய்யும் வேலையும் ஒரே பொடியின் தலையில் விழாமல், இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. ஒளியைப் பிடிப்பதை சிலிக்கான் பார்த்துக்கொள்ளும். வீட்டுக் கூரையில் மாட்டும் சாதாரண பேனலே இன்று 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வினையை மின்முனை பார்த்துக்கொள்ளும். 1985 வாக்கில் ஜப்பானின் யோஷியோ ஹோரி, செம்பு மின்முனையில் கரிவளியிலிருந்து மீத்தேனும் எத்திலீனும் வருவதைக் காட்டினார். வெள்ளியிலும் தங்கத்திலும் கார்பன் மோனாக்சைடு வரும். வெள்ளீயத்திலும் பிஸ்மத்திலும் ஃபார்மேட், அதாவது ஃபார்மிக் ஆசிடின் உப்பு, வரும். இரண்டு மூன்று கார்பனைக் கோத்துத் தருவது செம்பு மட்டும்தான். ஏன் செம்பு மட்டும் என்பதற்கு ஒருவாறு விடை தெரியும்: கார்பன் மோனாக்சைடை அது இறுக்கிப் பிடிப்பதுமில்லை, உடனே விட்டுவிடுவதுமில்லை. பரப்பில் சற்றுத் தங்கும் அந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர நேரம் கிடைக்கிறது.

இந்த வழியின் எண்கள் பொடியோடு ஒப்பிடக்கூட முடியாதவை. 2017-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், செம்பு ஆக்சைடில் வெள்ளீய ஆக்சைடைப் பூசிய மின்முனையை சூரிய மின்கலத்தோடு இணைத்து, சூரியச் சக்தியில் 13.4 விழுக்காட்டைக் கார்பன் மோனாக்சைடாக்கிக் காட்டினார்கள். பயிர்கள் ஒளிச்சேர்க்கையில் சேமிப்பது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்குள்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். கரிவளி கரையாத சிக்கலையும் இந்த வழி சாமர்த்தியமாகத் தாண்டுகிறது. வினையூக்கியை நுண்துளை உள்ள கார்பன் தாளில் பூசி, ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் நீர் என்று வைத்தால், வாயு கரைந்து வருவதற்காகக் காத்திருக்காமல் துளை வழியே நேரே வினையூக்கிக்கு வந்து சேரும்.

குறைகளும் அதே அளவுக்குக் கண்ணெதிரே தெரிகின்றன, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கலன் ஓட ஓட மின்முனைப் பக்கம் காரத்தன்மை ஏறும். வந்த கரிவளியில் ஒரு பங்கு வினைபுரியாமல் கார்பனேட்டாக மாறி, கலனை இரண்டாகப் பிரிக்கும் சவ்வைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். சாதாரண அமைப்பில் கார்பன் மோனாக்சைடு எடுத்தால் கரிவளியில் பாதிதான் பயன்படும், எத்திலீன் எடுத்தால் கால்பங்குதான். இது கவனக்குறைவால் வருவதில்லை, கணக்கே அப்படி. பொட்டாசியம் பைகார்பனேட் உப்பு நுண்துளைகளில் வெள்ளையாய்ப் பூத்து வாயுவின் வழியை அடைக்கும். கலனைப் பிரித்துக் கார்பன் தாளை வெளியே எடுத்தால், நகத்தால் சுரண்டும் அளவுக்கு உப்பு படிந்திருக்கும். ஆலைக்கு வேண்டியது பல்லாயிரம் மணி நேரம், ஆய்வுக்கூடக் கலன்கள் பலவும் சில நூறு மணி நேரத்திலேயே தடுமாறுகின்றன. ஆனால் இவை எல்லாம் அளக்கக்கூடிய குறைகள். ஒவ்வொரு எலக்ட்ரானும் எங்கே போனது என்று கூட்டிப் பார்க்கலாம். கூட்டினால் நூற்றுக்கு நூறு வர வேண்டும், வராவிட்டால் எங்கோ கசிவு. அடித்தளமே ஆடும் மைக்ரோமோல் கணக்கைவிட இது மாணவிக்குப் பாதுகாப்பான இடம்.

மூன்றாவதான உலைக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஐஸ்லாந்தில் ஜார்ஜ் ஓலா பெயரிலான ஆலை 2012-இலிருந்து, புவிவெப்ப மின்சாரத்தால் எடுத்த ஹைட்ரஜனையும் கரிவளியையும் சேர்த்து மெத்தனால் செய்தது. கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 டன். சீனாவின் ஆன்யாங்கில் அதே தொழில்நுட்பத்தில் 2022-இல் தொடங்கியது ஆண்டுக்கு 1,10,000 டன். அங்கே ஹைட்ரஜன் நிலக்கரிச் சூளை வாயுவிலிருந்து வருகிறது, சூரியனிலிருந்து இல்லை. வினையூக்கி, மெத்தனால் ஆலைகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்படுத்திவரும் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலவை. 200 முதல் 300 டிகிரி, 50 பார் அழுத்தத்துக்கு மேல்.

விளைச்சலை நம் ஊர் வெயிலில் கணக்கிட்டுப் பார்த்தேன். பினாங்கில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலரையிலிருந்து ஐந்து யூனிட் (கிலோவாட்-மணி) சூரியச் சக்தி விழுகிறது. பேனல் அதில் 0.9 யூனிட் மின்சாரம் தரும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும், ஆக 17 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும். உலையில் அது அதிகபட்சம் 90 கிராம் மெத்தனால் ஆகும், டம்ளரில் பாதி. அதற்கு 124 கிராம் கரிவளி போகும். அதே 0.9 யூனிட்டை மூன்று வோல்ட்டில் ஓடும் நல்ல மின்முனைக் கலனுக்குக் கொடுத்தால் 140 கிராம் கார்பன் மோனாக்சைடு. எடை கூடுதல்போல் தெரிந்தாலும் எரிசக்தி மெத்தனாலில்தான் அதிகம். ஆக இன்றைய தேதியில் உலைதான் முந்தி நிற்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு ஏன் அதை விட்டுவிடச் சொல்கிறேன்? அது இரண்டு ஆண்டு முதுநிலை மாணவியின் கைக்கு அடங்கும் வேலை இல்லை. உயர் அழுத்த உலையைத் தனியாள் ஓட்டக் கூடாது, அனுமதியும் கிடைக்காது. வெயில் வந்து போகும்போதெல்லாம் உலையை ஏற்றி இறக்க முடியாது. அதில் மிஞ்சியிருக்கும் பெரிய கேள்விகள், மலிவான ஹைட்ரஜன், நீராவியால் வினையூக்கி சோர்ந்துபோவது போன்றவை, பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் துரத்தும் கேள்விகள். பொறியாளராக வேலை தேடுகிறவர்களுக்கு அது அருமையான பயிற்சி. இரசாயனப் பொறியியல் முடித்த பையன் ஒருவன் கேட்டிருந்தால் மூன்றாவதையே சொல்லியிருப்பேன். 2023-இல் மெத்தனாலில் ஓடும் முதல் கொள்கலன் கப்பலான லாரா மேர்ஸ்க் சிங்கப்பூரில் நின்று பச்சை மெத்தனால் நிரப்பிக்கொண்டு போனது. மலாக்கா நீரிணையில் அந்தத் தேவை வளரத்தான் போகிறது. காருக்கு பேட்டரி போதும். கப்பலுக்கும் விமானத்துக்கும்தான் இந்த எரிபொருள்கள்.

சுவிட்சர்லாந்தில் ஆல்டோ ஸ்டைன்ஃபெல்டின் குழு செய்வதுபோல, கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து 1500 டிகிரியில் சீரியம் ஆக்சைடைச் சூடாக்கிக் கரிவளியை உடைக்கும் வழியும் உண்டு. சூரிச் கூரையில் ஒரு நாள் ஓட்டி 32 மில்லி மெத்தனால் எடுத்தார்கள், 2024-இல் ஜெர்மனியின் யூலிஷில், குவித்த வெயிலில் எரிபொருள் செய்யும் பெரிய கோபுரமே எழுந்துவிட்டது. நமக்கு அது ஒத்துவராது. குவிக்கும் கண்ணாடிக்கு நேர் வெயில் வேண்டும். நம் வானத்தில் மேகமும் ஈரப்பதமும், சில மாதங்களில் புகைமூட்டமும் ஒளியைச் சிதறடித்துவிடும். சிதறிய ஒளியில் பேனல் ஓடும், கண்ணாடி ஓடாது.

அக்கா மகளிடம் நான் அதிக நேரம் பேசியது இதற்கு அடுத்த விஷயத்தைத்தான், எந்தப் பேராசிரியரும் அவளிடம் எடுக்காத விஷயம்: கரிவளி எங்கிருந்து வரும்? மூன்று தலைப்பிலும் “தூய கரிவளித் தோம்பு” என்று எழுதியிருந்தது. காற்றில் கரிவளி பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. மேலே சொன்ன 124 கிராமைக் காற்றிலிருந்து எடுக்க, ஒன்றுகூடத் தப்பாமல் பிடித்தாலும், 165 கன மீட்டர் காற்றை வடிகட்ட வேண்டும். நான்கைந்து அறைக் காற்று. ஆனால் நிபோங் திபாலைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். பாமாயில் ஆலைக் கழிவுநீர்க் குளத்தை மூடினால் வரும் உயிரிவாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரிவளி, மீதி பெரும்பாலும் மீத்தேன். அதில் 200 லிட்டர் போதும் அந்த 124 கிராமுக்கு. மீத்தேனைச் சுத்தம் செய்து விற்கும் இடங்களில் பிரித்தெடுத்த கரிவளியைக் காற்றில்தான் விடுகிறார்கள்.

அந்த வாயுவில் ஒரு வில்லங்கம் உண்டு: ஹைட்ரஜன் சல்ஃபைடு, சுத்தம் செய்யாத வாயுவில் ஆயிரம் பிபிஎம்மையும் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கையும்) தாண்டும். கந்தகம் செம்பின் எதிரி. மெத்தனால் உலையின் வினையூக்கியை அது தீர்த்தே கட்டிவிடும். மின்முனையில் மட்டும் கதை வேறு. செம்பில் கந்தகம் ஏறினால் எத்திலீன் குறைந்து ஃபார்மேட் கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. செம்பு சாவதில்லை, குணம் மாறுகிறது. ஃபார்மேட்டை அமிலமாக்கினால் ஃபார்மிக் ஆசிட். பால்மரக் காட்டில் வேலை செய்த நம் குடும்பங்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: வாளியில் வந்த ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்குவது அந்த ஆசிட்தான். எரிபொருள் கணக்கில் அது கடைசியில் வரும், உப்புக் கரைசலிலிருந்து பிரிப்பதற்கும் செலவுண்டு. ஆனால் இந்த மண்ணில் வாங்க ஆளுள்ள பொருள்.

ஆகவே அவள் எடுக்க வேண்டிய தலைப்பு என் கணக்கில் இது: தூய கரிவளிக்குப் பதில், செம்பனை ஆலை வாயுவைப் போன்ற கலவையைச் செம்பு மின்முனைக்குக் கொடுத்தால், கந்தகம் எத்தனை பிபிஎம்மில் எத்திலீனை நிறுத்தி ஃபார்மேட்டைத் தொடங்கிவைக்கிறது? ஐந்து பிபிஎம், ஐம்பது, ஐந்நூறு என்று படிப்படியாக ஏற்றி அளக்கலாம். கந்தகத்தை நிறுத்திவிட்டுத் தூய வாயு கொடுத்தால் செம்பு பழைய குணத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கலாம். மீத்தேன் அந்த மின்முனையில் சும்மா கடந்து போய்விடும், தொல்லை இல்லை. விடை எதுவாக இருந்தாலும் பயன் உண்டு. ஐந்து பிபிஎம்மிலேயே எல்லாம் மாறிவிட்டால், ஆலைக்காரர் வாயுவை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு எண் கிடைத்துவிடும். தாக்குப்பிடித்தால், சுத்தம் செய்யும் செலவு மிச்சம். லோசானிலும் டோக்கியோவிலும் இருப்பவர்களுக்குச் செம்பனைக் குளம் கூப்பிடு தூரத்தில் இல்லை, நமக்கு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொன்னேன். வெயிலோடு இணைத்து ஓட்டும் பகுதி ஆய்வில் கட்டாயம் இருக்க வேண்டும். சுவரில் உள்ள பிளக்கில் சொருகிவிட்டு “சூரிய எரிபொருள்” என்று எழுதக் கூடாது. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு அரை கிலோவுக்கும் மேல் கரிவளி வெளியேறுகிறது. 124 கிராமைப் பிடிக்க 450 கிராமுக்கு மேல் விடுவது யாருக்கும் நன்மையில்லை. பேனலை மொட்டைமாடியில் வைத்து, மேகம் மறைக்கும்போது மின்னோட்டம் விழுந்து எழுவதைக் கலன் எப்படித் தாங்குகிறது என்பதையும் அவள் பதிவு செய்ய வேண்டும். பிற்பகல் இடிமழை வரும் ஊரில் அது சின்ன சோதனை இல்லை.

பணம், வேலை இரண்டையும் பற்றி அக்கா கேட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற அரசு நிதியில் ஓடும் ஆய்வென்றால் நிதி எப்போது முடிகிறது என்று முதலில் கேட்க வேண்டும். பாதி ஆண்டு மிச்சமுள்ள நிதியில் சேர்ந்தால், கடைசியில் வேதிப்பொருள் வாங்கவும் வழியிருக்காது. வேலை என்று பார்த்தால், மின்முனையில் மெல்லிய படலம் பூசுவது, மின்னோட்டத்தையும் மின்தடையையும் அளப்பது, படலத்தை நுண்நோக்கியில் படிப்பது, இவை பாயான் லெப்பாஸிலும் கூலிமிலும் உள்ள சிப், சோலார் தொழிற்சாலைகளுக்கு நேரே பொருந்தும். கரிவளி ஆய்வு அவளுக்குக் கைகொடுக்காமல் போனாலும் அந்தக் கைத்திறன் கைகொடுக்கும்.

இனி, சேருவதற்கு முன் அவள் ஆய்வுக்கூடத்துக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மின்முனையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும், அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும், அப்போது வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆலையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எச்சரிக்கைக் கருவி சட்டைப்பையில் இல்லாமல் நாங்கள் உள்ளே கால் வைப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் இரண்டு கருவிகளும் சுவரில் இருக்கின்றனவா, கடைசியாகச் சோதித்த தேதி ஒட்டியிருக்கிறதா, கந்தகத் தோம்பு புகைபோக்கிக்குள்ளேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறதா, இரவில் தனியே வேலை செய்யக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் கேட்டு வாங்கட்டும். வாங்கித் தர முடியாது என்றால், கந்தகப் பகுதியை அங்கே செய்யக் கூடாது, வேறு ஆய்வுக்கூடம் பார்க்க வேண்டியதுதான்.